அண்டங்காகத்துக்கு எரித்த எள்ளெண்ணெய்

விடிந்தால் கனடாவிலிருந்து ஒரு பூர்வகுடிச் சிற்பி எங்கள் வெம்பிளிப் பள்ளிக்கு வருகிறார். அவர்கள் மரபுப்படி நாங்கள் செதுக்கிய டோட்டம் என்ற குலச்சின்னக் கம்பங்களைப் பார்க்கப் போகிறார். என் கம்பத்தில் கீழே கரடி, நடுவில் தவளை, உச்சியில் அண்டங்காகம்.

அம்மாவுக்கு ஏழரைச் சனி. கம்பத்தைக் கண்டதும் அலறினார்.

"சனீஸ்வரன்ர வாகனத்தை வீட்டுக்கே கொண்டு வந்திட்டியே!"

"அம்மா, அவையின்ர கதையில சூரியனைக் களவெடுத்து உலகத்துக்கு வெளிச்சம் குடுத்த காகம் இது."

"கள்ளக் காகம் வேறயே!"

உடனே உச்சிக் காகத்தின் அலகுக்கு நேரே எள்ளெண்ணெய் எரித்தார். நான் பல் தீட்டிவிட்டு வருவதற்குள் அலகு பாதி கருகிவிட்டது.

நான் அழுததைப் பார்த்து அம்மா இரங்கினார்.

"அழாதை பிள்ளை. நானே பள்ளிக்கு வந்து அந்தச் சிற்பியிட்டச் சொல்லுறன். அவற்ற நட்சத்திரம் என்னெண்டும் கேக்கவேணும்."

இப்போது இரவு மணி இரண்டு. அலகைப் பற்றிய பயம் போய்விட்டது. அம்மா வரப்போகிறார் என்பதுதான் தூங்கவிடவில்லை.