ஒன்பதாவது வாரம்

ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆலோசகரின் உரிமம் இன்றோடு சரி. நாளை முதல் யாரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசக்கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் படித்து, பரீட்சை எழுதிப் புதுப்பிக்க வேண்டும் என்பது மனநல ஆலோசகர்களுக்கு விதி. இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று. இது கடைசி வாய்ப்பு.

வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் பாஸாகலையா சார்? என் பையன்கூட இந்தப் பாடு படுத்தல.”

“அவனுக்குப் பக்கத்துல பாத்து எழுத ஆள் இருந்திருக்கும்.”

“அதான் ரெண்டு பேர் கணக்கிலயும் ஒரே தப்பு!”

சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அறை பழையபடி அடங்கிப்போனது. இரண்டு நாற்காலிகள். வருகிறவரின் முதுகுக்குப் பின்னால், ஆலோசகருக்கு மட்டும் தெரிகிற சுவர்க்கடிகாரம்.

பாடம், ஆலோசனையைப் பாதியில் விட்டுப்போகிறவர்களைப் பற்றியது. திரையில் பேசிய அம்மையாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன், இந்தத் தொழிலுக்கே வராத காலத்தில், எட்டு வாரம் அவர் எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறார் ஆலோசகர்.

“மனைவி பிரிந்துபோன ஒருவர்” என்று உதாரணம் சொன்னார் அம்மையார். வயதை மாற்றியிருந்தார், வேலையை மாற்றியிருந்தார். ஈரக்குடையைக் கீழே வைக்காமல் ஒரு மணி நேரமும் மடியிலேயே வைத்திருந்ததை மட்டும் மாற்றவில்லை.

கடைசிக் கேள்வி: ‘ஒன்பதாவது வாரம் அவர் ஏன் வரவில்லை?’

குணமாகிவிட்டது. ஊர் மாறிவிட்டார். மனத்தைத் திறக்க விருப்பமில்லை. மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் விடைத்தாள் போகும். இரண்டு தடவையும் இங்கேதான் கை நின்றது. நேரம் தீர்ந்து பக்கம் மூடிக்கொண்டது.

அன்று, அந்த ஒன்பதாவது வாரம், ஆலோசகர் சட்டை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகாவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களா, பார்க்கலாமே என்று. அன்று மணி அடிக்கவில்லை. மறுவாரமும் உட்கார்ந்தார். அதன்பிறகு எந்த முகத்தோடு போவது?

அம்மையார் கேட்டுவிட்டார், இப்போது. இவரிடம் அல்ல, ஊரிடமே.

நாலு ஐம்பத்தாறு. மூன்றாவதைத் தொட்டார்.

வாழ்த்துகளோடு சான்றிதழ் வந்து விழுந்தது. கீழே, ‘பாடம் பற்றி உங்கள் கருத்து’ என்று ஒரு கட்டம். ‘ஒரு போன் வந்திருந்தால் வந்திருப்பார்’ என்று தட்டினார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினார். அனுப்பிய கணமே பதில் வந்தது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ இயந்திரத்தின் பதில்.

வெளியே வந்தார். வரவேற்பு மேசைப் பெண் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“பாஸா சார்?”

“ஆச்சு. திங்கக்கிழமை நாலு மணிக்கு வருவாங்களே, அந்த டீச்சர்... மூணு வாரமா ஆளையே காணோமே. போன் பண்ணியா?”

“நாம பண்றதில்லையே சார். வந்தா வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார்.

“நம்பர் குடும்மா.”

அவள் போனபிறகு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து எண்களை அழுத்தினார். அங்கிருந்து கடிகாரம் தெரியவில்லை. எங்கோ ஒரு வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் போனை வைக்கவில்லை.