செக்கிங் அக்கா கழித்த மீன்

உணவு வங்கியின் குடோனில் செக்கிங் மேசை என்றால் மூத்தவள்தான். கடைகளும் கம்பெனிகளும் கழித்துக்கட்டி அனுப்புகிற சரக்கெல்லாம் அவள் கை பட்டுத்தான் பசித்த வீடுகளுக்குப் போகும். உப்பிய டின் குப்பைக்கு. விளிம்போ, தகடு சேருகிற தையலோ நசுங்கியிருந்தாலும் குப்பைக்கு. பக்கவாட்டில் மட்டும் நசுங்கியிருந்தால் சாப்பிடலாம். எல்லோரும் அவளை 'செக்கிங் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உச்சி குளிரும்.

ஓரகத்தியை அங்கே கூட்டிவந்ததும் அவளேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்தன் மனைவி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், கூடமாட ஒத்தாசை செய்யட்டும் என்று நினைத்தாள். வந்தவளோ ஃபோனை எடுத்துக் கடை கடையாகப் பேசினாள். யாருக்கும் மசியாத முதலாளிகள் அவள் பேச்சுக்கு மசிந்து வேன் வேனாகச் சரக்கு அனுப்பினார்கள். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வரிசையில் நிற்கிறவர்கள்கூட "சின்னக்கா வரலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் போனால் மாமியாரும் அதே பாட்டுத்தான். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். மதியச் சாப்பாட்டைப் பள்ளியிலேயே முடித்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது வீட்டில். வரிசை தெருமுனையைத் தாண்டியது, அலமாரியிலோ அரிசியைத் தவிர ஒன்றுமில்லை. அன்றைக்குப் பார்த்து இளையவள் பெட்டி பெட்டியாக மீன் டின்களோடு வந்து இறங்கினாள். லாரியில் சரிந்து நசுங்கிய சரக்கு, விற்க முடியாதென்று கடைக்காரர் கொடுத்துவிட்டாராம். மேனேஜர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கூட்டத்தோடு கூட்டமாக மூத்தவளும் தட்டினாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கே நாராசமாக இருந்தது.

டின்கள் மேசைக்கு வந்தன. எல்லாம் பக்கவாட்டு நசுங்கல். விளிம்பு சுத்தம், தையல் சுத்தம். நல்ல சரக்கு என்று விரல் சொன்னது, வாய் வேறு சொன்னது.

"இதெல்லாம் ஆகாது. குப்பையில போடுங்க."

"எல்லாமேவா அக்கா?" என்றாள் இளையவள்.

"பிள்ளைங்க சாப்பிடுற பொருள். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

செக்கிங் அக்காவின் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. இளையவளின் முகம் சுருங்கிப்போனது. மூத்தவளுக்கு, சொல்லவே வெட்கம், ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைக்கும்தான். கதவு சாத்துகிற நேரத்தில், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். அரிசியை வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். நேற்றும் பிள்ளைகள் வெறும் சோற்றில் உப்பைப் போட்டுத்தான் சாப்பிட்டார்களாம்.

"மீன் வந்துச்சுங்க. நான்தான் பார்க்காம கெட்ட சரக்கா வாங்கிட்டேன்," என்றாள் இளையவள். "நல்லவேளை, எங்க அக்கா கண்டுபிடிச்சாங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பாவி, மனசாரச் சொன்னாள். இதிலும் என்னை ஜெயித்துவிட்டாளே என்று மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே பின்பக்கம் போனாள். குப்பைத் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு டின்களை எடுத்தாள், துடைத்தாள், கை கொள்ளுமட்டும் அணைத்துக்கொண்டு, அரிசியோடு கிளம்பிவிட்ட அந்தப் பெண்ணின் பின்னால் தெருவில் ஓடினாள்.

டின்களைப் பார்த்ததும் துப்புரவுக்காரியின் முகம் மலர்ந்தது. "சின்னக்கா குடுத்தனுப்பினாங்களா?"

'நான்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

"ஆமா, அவதான்," என்றாள் மூத்தவள். "நல்ல மீனுதாம்மா, தைரியமா குடு. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

சின்னக்கா நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுத் துப்புரவுக்காரி நடந்தாள். மூத்தவளின் வயிறு எரிந்தபடியேதான் இருந்தது. தொட்டியில் இன்னும் எவ்வளவோ கிடந்தது. திரும்பிப் போய், எடுக்க ஒரு கை கொடு என்று இளையவளைக் கூப்பிட்டாள். அவள் ஓடிவந்து தொட்டியைப் பார்த்தாள், மூத்தவளைப் பார்த்தாள்.

"கெட்டதுன்னீங்களே அக்கா?"

தப்பாப் பார்த்துவிட்டேன் என்று இவளிடமும் சொல்லியிருக்கலாம். இவள் நம்பியிருப்பாள்.

"இல்ல. நல்ல சரக்கு," என்றாள் மூத்தவள். "கையில எடுத்தப்பவே எனக்குத் தெரியும்."