அரை இஞ்ச் சாமர்த்தியம்

பைன்ஃபோர்க் கார் பந்தயத் திடலில், நாலாம் வளைவுக்கு மேலே ஒன்பதாவது வரிசையில், நெல்டாவும் ட்வைலாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரே சோபா தொழிற்சாலையில் துணி வெட்டி ஓய்வு பெற்றவர்கள். ஒரே சர்ச். தலைக்குச் சாயம் பூசிக்கொள்வதும் ஒரே கடையில்தான். ஓட்டுநர் விஷயத்தில் மட்டும் வேறு வேறு கட்சி. நெல்டாவுக்கு அறுபத்தொன்றாம் நம்பர் ஆரஞ்சு வண்டி, ஹார்லன் டீல். ட்வைலாவுக்கு எட்டாம் நம்பர் நீல வண்டி, ட்ரிப் செட்சர். சிநேகிதம் ஓடிக்கொண்டிருந்ததே அந்த ஏற்பாட்டில்தான்.

ஹார்லனின் வண்டியில் விதிக்கு மாறாக ஏதாவது பிடிபட்டால் நெல்டா அதைச் சாமர்த்தியம் என்பாள். ட்ரிப்பின் வண்டியில் பிடிபட்டால் திருட்டுத்தனம். ட்வைலாவுக்கு இது அப்படியே தலைகீழ். இதை வைத்தே இரண்டு பேரும் வேகவைத்த வேர்க்கடலை ஒரு பை காலியாகும்வரை சண்டை போடுவார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரே காரில் போவார்கள்.

இந்த வருஷம் ட்வைலா கட்சி மாறிவிட்டாள்.

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அவள் படுத்திருந்தபோது ட்ரிப் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹார்லனிடமிருந்து மஞ்சள் பூங்கொத்து வந்தது. அனுப்பச் சொன்னதே நெல்டாதான். பூக்கடை நம்பரைக் கொடுத்தவளும் அவள்தான். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

பதினாலு வருஷமாக, பந்தயம் தொடங்குமுன் ஹார்லனின் கூடாரத்துக்கு வாழைப்பழப் புட்டிங் கொண்டுபோகிறவள் நெல்டா. ஏப்ரல் முதல் வாரம் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ட்வைலா சுட்ட பீக்கன் பை, அந்த இனிப்புப் பலகாரம், பாதி காலியாகியிருந்தது. பக்கத்து மேஜையில் புட்டிங்கை வைத்துவிட்டு வந்த நெல்டா, அடுத்த வாரம் போகவில்லை. 'எங்கே காணோம்' என்று யாராவது வந்து கேட்பார்கள் என்று மூன்று வாரம் காத்திருந்தாள். ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவந்து பார்வையாளர் மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அறுபத்தொன்றின் வலப்பக்க ஜன்னலுக்கு மேல், வெள்ளை எழுத்தில், சுழித்துச் சுழித்து ஒரு பெயர்: ட்வைலா.

"பாத்தியாடி?" என்று ட்வைலா முழங்கையால் இடித்தாள். "எழுத்து கொஞ்சம் சின்னதா போச்சோ?"

"நிலாவுல நின்னாக்கூடத் தெரியும்."

"நான் கேக்கவே இல்ல, தெரியுமா? அவனாத்தான் எழுதியிருக்கான். புள்ளைக்கு என்ன மனசு!"

"பீக்கன் பை தின்ன மனசு" என்று சொல்லிவிட்டு நெல்டா கடலை உரித்தாள். வாயில் போட மறந்துவிட்டாள்.

பாதிரியார் ஒலிபெருக்கியில் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினார்கள். நெல்டா ஒரு கண்ணைத்தான் மூடினாள். அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்து வயிறெரிய வேண்டியிருந்தது. பார்த்த கண் அப்படியே வண்டியின் பின்பக்கம் போயிற்று. அங்கே நிமிர்ந்து நிற்கும் வால்தகடு ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. உயரம் கூடினால் வளைவில் காற்று வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். முப்பத்தொரு வருஷம் சோபாத் துணி வெட்டிய கண்ணுக்கு அளவுநாடா எதற்கு? ஆறரை.

'ஆமென்' என்றாள் நெல்டா. மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே சொல்லிவிட்டாள்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் உள்ளுக்குள் சிரித்து, 'எம் புள்ள சாமர்த்தியசாலி' என்று பெருமைப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பாள். பந்தயம் பாதி முடியும்வரை மூடித்தான் இருந்தாள். ஹார்லன் முன்னணியில் பறந்தான். ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் மேடையைப் பார்த்தபடி 'ட்வைலா' பறந்தது. பின்வரிசைக்காரர்கள்கூட அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

"எம் ஹார்லன்! விடாதே கண்ணு! எம் ஹார்லன்!" ட்வைலா எழுந்து நின்று கத்தினாள்.

அந்த 'எம்'மை நெல்டாவால் பொறுக்க முடியவில்லை.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

பாத்ரூமைத் தாண்டி இருபதடி போனால் வண்டிகளைச் சோதிக்கும் கொட்டகை. தலைமைச் சோதனையாளர் லெஸ்டர், நெல்டாவின் செத்துப்போன அக்காவின் புருஷன், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார்.

"லெஸ்டர், அறுபத்தொண்ணோட வால்தகட்டை அளந்து பாரு."

"எந்த அறுபத்தொண்ணு?"

"எத்தன அறுபத்தொண்ணு ஓடுது?"

"ஒன் ஹார்லனா?"

"எனக்கென்ன எழுதியா வச்சிருக்கு? ஊருக்கே ஹார்லன்தான்."

லெஸ்டர் தோலைத் துப்பினார். "காலையில நான் அளந்தப்ப ஆறுதானே இருந்துச்சு."

"அப்பறம் மாத்தியிருப்பான்."

"அது சரி. போன வருஷம் அவன் கார்புரேட்டர்ல கை வச்சதப் பிடிச்சேன். சாமர்த்தியம்னு சொல்லி ரெண்டு மாசம் எங்கூடப் பேசாம இருந்தியே கொழுந்தியா? இப்ப இதுக்கு என்ன பேரு?"

நெல்டா சுற்றும்முற்றும் பார்த்தாள். "விதிமீறல்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாய் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னது. புதுப் பல்செட் மாதிரி எங்கோ இடித்தது.

ஹார்லன் ஜெயித்தான். கொடி அசைந்ததும் வழக்கம்போல் சனம் ஓடுதளத்தில் இறங்கியது. ட்வைலா லிப்ஸ்டிக்கைச் சரி செய்துகொண்டு, நெல்டாவின் கையைப் பிடித்துக் கொட்டகைக் கயிற்றருகே இழுத்துப் போனாள். முதல் மூன்று வண்டிகளும் உள்ளே வந்தன. ஆரஞ்சு வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது அதன் இடப்பக்கம் கயிற்றுப் பக்கம் திரும்பியது. சுற்றி ஓடும்போது மேடையில் இருக்கிறவர்கள் யாரும் பார்க்கவே முடியாத பக்கம் அது.

ஓட்டுநர் நுழையும் ஜன்னலுக்கு மேல், அதே வெள்ளை எழுத்தில், அதே சுழிப்பில், 'நெல்டா' என்றிருந்தது.

லெஸ்டர் அளவுக்கட்டையை வால்தகட்டின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். 'இல்லையென்று சொல்லு, லெஸ்டர்' என்று நெல்டாவின் மனசு கெஞ்சியது. அவரோ கட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, "ஆறரை" என்றார். "அறுபத்தொண்ணு செல்லாது. ஜெயிச்சது எட்டு."

கூட்டத்தில் பாதி ஊளையிட்டது, பாதி கைதட்டியது. நெல்டா திரும்பிப் பார்ப்பதற்குள் ட்வைலா பக்கத்தில் இல்லை. ட்ரிப்பின் நீல வண்டியருகே, கோப்பைக்கும் அவன் தோளுக்கும் நடுவில், படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹார்லன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றருகே வந்தான்.

"மிஸ் நெல்டா, எங்க போயிட்டீங்க இத்தன நாளா? ஒங்களுக்குக் காட்டணும்னுதான் எழுதி வச்சிருந்தேன்."

"ட்வைலா பேரு அந்தப் பக்கம்..."

"ஜனம் பாக்கற பக்கம் வேணும்னு அவங்க கேட்டாங்க, போட்டுட்டேன். இது நான் ஏறி எறங்குற பக்கம்." அவன் நீல வண்டிப் பக்கம் பார்த்தான். "ஒருத்தரும் நிக்கல பாருங்க. நீங்க ஒருத்தர்தான் நிக்கறீங்க. இதப் போட்டுக்குடுத்தது யாருன்னு மட்டும் தெரியட்டும்!"

"ஆமா. என்ன ஜென்மமோ!" என்றாள் நெல்டா.

அடுத்த சனிக்கிழமை புட்டிங்கைக் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தாள். ட்வைலா பழைய நீலத் தொப்பியோடு ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடலைப் பையை நீட்டினாள்.

"ட்ரிப்பை மன்னிச்சிட்டியாக்கும்?" என்றாள் நெல்டா.

"விதிய மீறறவன் எனக்கு வேணாம்னு இல்லடி. மாட்டிக்கிற அளவுக்கு மக்கா இருக்கறவன் வேணாம்." ட்வைலா நிதானமாக ஒரு கடலையை உரித்தாள். "இவ்வளவு தூரத்துலேருந்து அரை இஞ்ச் பெசகைக் கண்டுபிடிக்க நம்ம தொழிற்சாலையில ரெண்டே பேராலதான் முடியும், இல்ல?"

நெல்டா பைக்குள் கையை விட்டுக் கடலையைத் துழாவினாள்.

"நானும் ஜெபத்தப்பவே பாத்தேன். சாமர்த்தியம்னு விட்டுட்டேன்" என்றாள் ட்வைலா.

கீழே எஞ்சின்கள் உறுமின. ஹார்லன் வலப்பக்கத்துப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு எழுதியிருந்தான், சற்றுப் பெரிய எழுத்தில். போன வாரம் நெல்டா வயிறெரிந்து பார்த்த இடத்தில், ஊரே பார்க்க, 'நெல்டா' என்று மின்னியது. பின்வரிசைக்காரர்கள் அவள் முதுகில் தட்டினார்கள்.

பந்தயம் அறுபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெயர் நாலாம் வளைவைத் தாண்டியபோது ட்வைலா கத்தவுமில்லை, திட்டவுமில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெல்டாவின் மூக்குக்கு நேரே நீட்டி, நடுவில் சரியாக அரை இஞ்ச் இடைவெளி விட்டுக் காட்டினாள். ஒரு நூல் கூடக் குறையவில்லை.