கைராசி இல்லாத பெண்

புதினா இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. வாசனை முழுவதும் அவற்றில்தான். எண்ணெய் எவ்வளவு சுரக்கலாம் என்று செடிக்குள் சில மரபணுக்கள் உத்தரவு போடுகின்றன. அவற்றில் ஒன்று 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது என்பது பேராசிரியர் ஸ்ரீவத்சனின் கண்டுபிடிப்பு. அதன் வாயை அடைத்து வளர்த்த செடிகளில் எண்ணெய் இரண்டு மடங்கு இருந்தது. சேலையூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரி அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. அவரும் இறங்குவதாக இல்லை.

அதே சோதனையை அவருடைய ஆராய்ச்சி மாணவி சின்மயி தனியாகச் செய்து பார்த்தாள். செடிகளை மாடி அறையில் வைத்துப் பூட்டி வளர்த்தாள். மரபணுவை அடக்கிய செடியிலும் சாதாரணச் செடியிலும் எண்ணெய் ஒரே அளவுதான் இருந்தது. திரும்பவும் செய்தாள். அதேதான் வந்தது. துறைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

"சில பேருக்குக் கைராசி கிடையாதும்மா" என்றார் ஸ்ரீவத்சன். "நீ வெந்நீர் வெச்சாலும் அடிபிடிக்கும்."

கூட்டமே சிரித்தது. மறுநாளிலிருந்து துறையில் அவளுக்குப் பெயரே கைராசி என்றாகிவிட்டது. அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தாள். ஸ்ரீவத்சன் அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்கவில்லை.

பிறகு அவருடைய ஆய்வைப் பார்வையிட வேறொரு ஊரிலிருந்து ஜென்சி என்ற பேராசிரியை வந்தார். யார் வந்தாலும் சொல்வதையே ஸ்ரீவத்சன் அவரிடமும் சொன்னார்.

"வலது பக்கம் மரபணு மாத்தினது மேடம், யாரும் தொடக்கூடாது. இடது பக்கம் நம்ம சாதாரணப் புதினாதான். தேய்ச்சு மோந்து பாருங்க."

சொல்லிக்கொண்டே தானும் ஓர் இலையைத் தேய்த்து முகர்ந்தார். புதினாவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? துளசியோ மரிக்கொழுந்தோ, எதுவானாலும் நாம் தடவி மோந்து பார்த்துவிட்டுத்தான் நகருவோம்.

ஜென்சி தன் விரல்களை மோந்தார். "வர்றவங்க எல்லாரும் இப்படித் தேய்ப்பாங்களா சார்?"

"ஆமா மேடம்."

"அப்ப எண்ணெய்ப் பையெல்லாம் உடைஞ்சிருக்குமே. நீங்க அளந்தது இந்த இலையத்தானா?"

ஸ்ரீவத்சன் இடது பக்கத்துச் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். பியூன் முதல் பிரின்சிபால் வரை அந்த இலைகளைத் தேய்த்திருக்கிறார்கள். அவரே தினமும் காலையில் தேய்த்திருக்கிறார். வலது பக்கத்தில் எண்ணெய் கூடியிருக்கவே இல்லை. இடது பக்கத்து எண்ணெயை ஊர்க் கையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கை வைக்காமல் வளர்த்தவள் சின்மயி ஒருத்திதான்.

"இல்ல மேடம், அது வேற செடி" என்றார். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அறையைப் பூட்டி, யாரையும் உள்ளே விடாமல் புதிதாக வளர்த்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஜென்சிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். போனில் சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை, முகம் தெரியாது. சின்மயிக்கும் போன் செய்யலாம் என்று எடுத்துவிட்டு, வெட்கமாக இருந்ததால் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனார்.

டியூஷன் சென்டரில் அவள் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. இவர்தான் எங்க சார், பெரிய சயின்டிஸ்ட்."

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் தெரியல சார்" என்றாள் அவள் மெதுவாக. "நேத்துகூட யோசிச்சுப் பார்த்தேன்."

"நீ தப்பு பண்ணலம்மா." குரல் எழும்பவில்லை.

"என்ன சார்?"

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கூட்டத்தில் பேசிய அதே சத்தத்தில்தான் இதையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. இலையைத் தேய்த்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். "தப்பு என்னோடது. நீ சொன்னதுதான் சரி."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். எதைச் செய்திருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்க அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா சார்?" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டார். அவர் இன்னும் உங்களைத்தான் நம்பிக்கிட்டிருக்கார்."