மேலே போட்ட சட்டை

“மழைன்னு சொல்லிடு, பிள்ளை. மழை தூறிச்சு, அதுக்குத்தான் மேல ஒரு சட்டை போட்டிருந்தாருன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்.”

குலசேகரம் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். மகள் ராகினி செருப்பில் காலை நுழைத்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே கடலோர ஊரான பாகான் டாலாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. வேலியோரப் புல் கருகிப்போயிருந்தது. மழையைக் கண்டு இருபது நாளாகிறது. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புப் பார்த்த மனிதருக்கு, ஒரு பொய்யைச் சொல்லுமுன் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவள் கணவன் யுகேந்திரனைப் போலீஸ் சுட்டு மூன்று நாளாகிறது. உடல் இன்னும் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில்தான். ‘நகைக்கடைக் கொள்ளை: சுடப்பட்டவரும் கூட்டாளியா?’ என்று பத்திரிகை எழுதியது. அதிலிருந்த கேள்விக்குறி தெருவுக்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. நேற்று, வேலிக்கு அந்தப் பக்கம் விளையாடிய பிள்ளைகள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு வயது தர்ஷிகா வந்து ராகினியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா திருடனாம்மா?” என்று கேட்டாள். ராகினி இன்றைக்கு ஜார்ஜ்டவுன் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டது அந்தக் கேள்விக்காகத்தான்.

அப்பாவும் மகளும் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரியில் ஏறினார்கள். அவர் மூலையில் ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்து, தெரிந்த முகம் ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார். ராகினி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கீழே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஆறு வருடமாகத் தினமும் அந்த வரிசையில் யுகேந்திரனுடையதும் ஒன்று.

குலசேகரத்தின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். அந்தக் குடும்பத்தில் மேசைக்குப் பின்னால் உட்காராத ஆண்பிள்ளை கிடையாது. யுகேந்திரனோ சுங்கை பாக்காப் தோட்டத்துப் பையன். ராகினி அவனை விரும்பியபோது மாக் மண்டின் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தான். கிளார்க் என்ற ஒரு சொல்லுக்காகக் குலசேகரம் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்து, இருவரையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கிடைத்த வேலை, நகைக்கடையில் துப்பாக்கிக் காவல். ஊரில் அதற்குப் பேர் ஜாகா.

ஜாகா மருமகனா? குலசேகரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஏற்பாடு சொன்னார். தெருவில் யார் கேட்டாலும், மருமகன் ஜார்ஜ்டவுனில் ஒரு கம்பெனியில் அட்மின் வேலை. வீட்டிலிருந்து கிளம்பும்போது யூனிஃபார்முக்கு மேல் ஒரு நல்ல சட்டை போட்டுக்கொள்ளவேண்டும். ஃபெரியிலும் கழற்றக்கூடாது. ராகினியின் அண்ணன் ஸ்ரீகரனுடைய பேங்க் ஆட்கள் அதே ஃபெரியில்தான் வருவார்கள்.

யுகேந்திரன் சிரித்தான். “போகட்டும்லா, ராகி. ஒரு சட்டைதானே. மாமா மனசு நோகாம இருந்தா சரி.”

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறு சட்டைகளை அவள்தான் இஸ்திரி போட்டாள். காலர் மடங்காமல், கழுத்துப் பட்டன் வரைக்கும், உள்ளே இருக்கும் யூனிஃபார்மின் நீலம் ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி. கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் மோட்டாரை நிறுத்தி, சட்டையைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு யுகேந்திரன் வேலைக்குப் போவான். கம்பெனியும் அதில் கண்டிப்பு. யூனிஃபார்மை மறைத்துக்கொண்டு கடை வாசலை மிதிக்கக்கூடாது.

போலீஸ் நிலையத்தில் அவர்களை உட்காரவைத்த இன்ஸ்பெக்டரின் பேர் சித்தி ஹாஜரா. தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வீட்டுத் தமிழிலேயே பேசினாள். முதலில் கேள்வி கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ராகினி குடித்து முடிக்கும்வரை, எழுதவேண்டிய தாள்களை அடுக்குவதுபோல் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த உலகம் அடியோடு கெட்டுப்போகாமல் நிற்பதற்கு இப்படிப்பட்ட ஒரு நிமிடக் காத்திருப்புகளும் காரணம்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். காலை ஒன்பதரைக்குக் கடையின் ஷட்டரைப் பாதி ஏற்றியிருக்கிறார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற மூத்த காவலர் இப்ராஹிமை இரண்டு பேர் வந்து பாராங் கத்தியால் வெட்டிவிட்டார்கள். கடைப் பெண் உள்ளறையில் பூட்டிக்கொண்டு போலீசைக் கூப்பிட்டாள். ரோந்துக் கார் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. வந்தவர்கள் கண்டது, ரத்தத்தில் கிடக்கும் ஒரு யூனிஃபார்மையும், அதன் பக்கத்தில் கட்டம்போட்ட சட்டையில் கையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவரையும். துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள்.

“சத்தம் வந்த பக்கம் திரும்பிட்டாரும்மா. கையில துப்பாக்கியோட.” ஹாஜராவின் குரல் தணிந்தது. “சுட்ட பையனுக்கு இருபத்து நாலு வயசு. அவன் சொல்றான், அவரு முகத்துல சிரிப்பு மாதிரி ஒண்ணு இருந்திச்சாம். அது என்ன சிரிப்புன்னு அவனுக்குப் புரியலையாம்.”

ராகினிக்குப் புரிந்தது. இப்ராஹிம் அண்ணன் டீக்கடையில் சொல்லும் பாடத்தை யுகேந்திரன் வீட்டில் வந்து அடிக்கடி சொல்வான். போலீஸ் வந்தால் துப்பாக்கியைத் தரையில் வை, பிறகு வாயைத் திற. அவர்களுக்கு நம் மூஞ்சி தெரியாது, சட்டைதான் தெரியும். சந்தில் மோட்டாரை நிறுத்தும்போதே அண்ணனின் அலறல் கேட்டிருக்கும். கழற்ற நேரமில்லாமல் ஓடி, அண்ணன் கையிலிருந்து விழுந்த துப்பாக்கியை எடுத்திருப்பான். துணைக்கு ஆள் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பாடம் மறந்திருக்கும். தன்னைப் பார்த்ததுமே ஜாகா என்று தெரிந்துகொள்வார்கள் என்று நம்பியிருப்பான். மேலே ஒரு சட்டை இருப்பதையே அவன் மறந்துபோயிருப்பான். ஆறு வருடப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிடுமே.

இன்னொரு மூச்சு நேரம் பொறுத்திருந்தால் அந்தப் பையனும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். கறுத்த முகமும் கையில் துப்பாக்கியுமாய் நிற்பவனுக்கு அந்த ஒரு மூச்சை யாரும் கொடுப்பதில்லை.

“கொள்ளைக்காரங்க ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. கேமராவுல கால்தான் தெரியுது, மேல பூரா ஷட்டர் மறைச்சிருச்சு. இப்ராஹிம் அண்ணனுக்கு இன்னும் நினைவு வரல,” என்றாள் ஹாஜரா. “கடைக்காரங்க சொல்றாங்க, ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட இவரு கலர் சட்டையில வந்ததில்லையாம். அன்னிக்கு மட்டும் யூனிஃபார்ம ஏன் மறைச்சாருன்னு கேக்குறாங்க. எங்க மேலதிகாரியும் அதத்தான் கேக்குறாரு. சொல்லுங்கம்மா. ஏன்?”

“மழை,” என்றார் குலசேகரம்.

ஹாஜரா அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. “அங்கிள், அன்னிக்கு நானும் மோட்டார்லதான் வந்தேன்,” என்று மட்டும் சொன்னாள்.

குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசைக்கு அடியில் அவருடைய கால் மகளின் காலைத் தொட்டது. ராகினி காலை இழுத்துக்கொண்டாள்.

“மழை இல்ல, மேடம். எங்களுக்கு வெக்கம்.”

சொல்லிவிட்டாள். மூன்று நாளாகத் தொண்டையில் கிடந்தது, வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஜாகா வேலை, அப்பாவின் ஏற்பாடு, ஃபெரி, சந்து, சீட்டுக்கு அடியில் சட்டை. ஹாஜரா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். யாருக்கு வெட்கம் என்று போடுவது என்று கேட்டாள்.

“மொதல்ல என் பேரப் போடுங்க. இஸ்திரி போட்டது நான்தான்.”

ஹாஜராவின் பேனா சற்று நின்றது. “நான் நம்புறேம்மா. ஆனா பெண்டாட்டி சொன்னா பெண்டாட்டி பேச்சுன்னு ஒதுக்கிடுவாங்க. உங்க தெருவுல யாராச்சும் இருக்காங்களா? தினமும் யூனிஃபார்முக்கு மேல சட்டை போட்டுப் போவாருன்னு சொல்ல? ஒரே ஒருத்தர் போதும்.”

ராகினி யோசித்தாள். எதிர்வீடு, மூலை வீடு, கோயிலுக்கு வருகிறவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள்.

“ஒருத்தரும் இல்ல, மேடம். அவரு ஜாகான்னே அங்க யாருக்கும் தெரியாது. அவ்வளவு நல்லா மறைச்சிட்டோம்.”

ராகினி அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. கெஞ்சவும் இல்லை. ஆறு வருடமாக அவர் மனம் நோகக்கூடாது என்று நடந்த வீட்டில், இனி அவர் மனம் அவர் பாடு என்று விட்டுவிட்டாள்.

குலசேகரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவரில்லை. காலையில் தேவாரம் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். தெருநாய்க்குக்கூடச் சோறு வைக்கிறவர். தான் செய்தது ஒரு பாவம் என்று அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்திருந்தார். மரியாதை என்று பேர் வைத்துவிட்டால் எந்தக் கொடுமையும் பூஜையறை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“நான் சொன்னதுதான்,” என்றார் கடைசியில். “தினமும் அந்தச் சட்டைய நான் பாப்பேன், மேடம். கதவுகிட்ட நின்னு, காலர் சரியா இருக்கான்னு பாத்துத்தான் அனுப்புவேன். அன்னிக்கும் பாத்தேன். மேல் பட்டன் போடாம வந்தாரு.” அவர் கை தன் கழுத்துப் பட்டனுக்குப் போனது. “போடச் சொன்னேன்.”

அவர் கையெழுத்துப் போட்டார். ஹாஜரா தாளின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இந்த இரண்டு வாக்குமூலமும் போதும், பத்திரிகைக்கும் தானே சொல்லுவதாகச் சொன்னாள். உடலை நாளைக் காலையில் தருவார்கள். வாசல்வரை வந்து, ராகினியின் தோளில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. ஸ்ரீகரன் போனில் துக்க அறிவிப்பு தயார் செய்து வைத்திருந்தான். ‘யுகேந்திரன், தனியார் நிறுவன அதிகாரி, அகால மரணம்.’ தெருவுக்கும் சொந்தத்துக்கும் வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்றான். ராகினி போனை வாங்கிப் படித்துவிட்டு, அதை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மறுபடி செருப்பை மாட்டினாள்.

அம்மா ஞானாம்பிகை பதறிப்போய் வழிமறித்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், அதுவும் சடலம் வீட்டுக்கு வராத நிலையில், அடுத்தவர் வாசலில் போய் நிற்கலாமா? துக்கம் சொல்ல ஆம்பிளைகள் இல்லையா? ராகினி அம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

“ஆம்பிளைங்க சொன்னா அதிகாரின்னு சொல்லுவாங்கம்மா.”

தெருவில் பதினோரு வீடுகள். முதல் வீட்டின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஜாகா வேலை பார்த்தார், கூட வேலை பார்த்தவரைக் காப்பாற்றப் போய்ச் செத்துப்போனார், நாளைக்கு எடுக்கிறோம், வந்துவிடுங்கள் என்றாள். இரண்டாம் வீட்டிலும் அதே வார்த்தைகள். மூன்றாம் வீட்டில், முதல்நாள் வேலியோரத்தில் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுச் சிரித்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நாலாம் வீட்டுக் கேட்டைப் பிடித்தபோது ராகினிக்குக் குரல் எழவில்லை.

“என் மருமகன்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குலசேகரம் எப்போது கூட வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. வெயிலில் நெற்றி வேர்த்து, விபூதி கரைந்து வழிந்தது. “என் மருமகன் யுகேந்திரன். ஜாகா வேல பாத்தாரும்மா. நகைக்கடையில.”

அது குணவதியின் வீடு. அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி வந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கண் நிறைந்தது.

“எங்க வீட்டுக்காரரும் ஜாகாதானே, மாமா. கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு காண்டோ அடுக்குமாடியில, நாலு வருஷமா. ஃபெரியில தினமும் உங்க மருமகனப் பாப்பாராம். கம்பெனி ஆபீசர், நாம போய்ப் பக்கத்துல நின்னா அவருக்கு மரியாதக் குறைவுன்னு தள்ளியே நின்னுக்குவாராம்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போய் வந்திருப்பாங்களே, மாமா.”

குலசேகரம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ராகினி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.