முனிவர் படித்த முதல் வரி

முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனுக்கு அனுமதி இல்லை. காலையிலிருந்து அவள் உயிர் இந்த லாக்கருக்குள்தான் கிடந்தது.

“என்னாச்சுங்க? முடிஞ்சுதா?”

“எப்பவோ முடிஞ்சுது,” என்றான் கணவன் சாவகாசமாக. “உங்கள் தேர்வு உறுதி செய்யப்பட்டதுன்னு கொட்டை எழுத்துல வந்துடுச்சு. இதுக்குப் போய் ராத்திரியெல்லாம் புலம்பினியே!”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம்! இனி வாரக் கடைசியில் மட்டும் தலைகாட்டும் அம்மாவாக இருக்க வேண்டாம். போன வாரம் வீட்டுப் படியேறியதுமே மகள் கேட்ட முதல் கேள்வி, “எப்பம்மா கிளம்பறே?” விருந்தாளியிடம் கேட்பதுபோல.

இடமாற்றத்துக்கான இணையதளம் இன்று காலை திறந்தது. காலியிடங்களின் பட்டியல் வரும். யார் முதலில் பட்டனை அழுத்துகிறார்களோ அவர்களுக்கு இடம். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பொறுப்பை முனிவரிடம் ஒப்படைத்திருந்தாள்.

முனிவர் என்பது கணவனுக்கு அவள் மனதுக்குள் வைத்த பெயர். வீட்டிலிருந்தபடியே பதிப்பகத்துக்குப் புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பவன். ஸ்மார்ட்போன் மூளையைத் தின்கிறது என்று ஒருநாள் அறிவித்துவிட்டு, பேசுவதற்கு ஒரு பட்டன் போனும், படிப்பதற்கு ஈ-ரீடரும் வாங்கினான். காகிதம் மாதிரி கறுப்பு வெள்ளைத் திரை, கண்ணைக் குத்தாத எழுத்து. புத்தகம் படிப்பதோடு நிறுத்தியிருந்தால் அவளே பாராட்டியிருப்பாள்.

நிறுத்துவானா? படம், நிறம், அலங்காரம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் காட்டும் இலகு பிரவுசர் ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டு, உலகம் மொத்தத்தையும் அதன் வழியாகவே தரிசிக்க ஆரம்பித்தான். வானிலை வரைபடம் சாம்பல் திட்டாக வந்தால், “மேகமூட்டமா இருக்கு” என்பான். வீடியோ ஓடாவிட்டால், “அசையாம இருந்தாத்தான் சிந்திக்க முடியும்” என்பான். “இது ஒண்ணு இருந்தா எந்த ஊர்ல உக்காந்தாலும் என் வேலை நடக்கும்” என்று குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம்கூடப் பிரசங்கம் செய்தான். அந்த மனுஷன் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடாத குறை. முனிவருக்காவது ஒரு காடு வேண்டும். இவனுக்கு வைஃபை போதும்.

“பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல பண்ணிடுங்களேன்” என்று நேற்று கெஞ்சினாள்.

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி உருப்பட்ட மனைவி கிடையாது. தன் பதிவு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

“கிடைச்சிடுச்சாடி?” அடுத்த லாக்கரிலிருந்து எட்டிப் பார்த்தாள் கூட வேலை பார்க்கும் சிநேகிதி. வார்த்தைகள் குத்தும் என்பதால் அவளுக்கு வார்டு முழுக்கக் குண்டூசி என்று பெயர். “எங்கே, மெசேஜைக் காட்டு.”

“என்ன மெசேஜ்?”

“உறுதியானா உடனே போனுக்கு மெசேஜ் வருமே. நம்ம தியேட்டர் டெக்னீஷியனுக்கு வந்துச்சே!”

மெசேஜ் இல்லை. நர்ஸ் கணவனை மறுபடி அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அந்தப் பக்கம் இன்னும் திறந்திருக்கா? உறுதின்னு போட்டிருக்கே, அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு படிங்க.”

“கீழயா? இரு... ‘மன்னிக்கவும், இந்த இடம் காலியில்லை’ன்னு ஒரு வரி.”

“என்னது! அதுக்கும் கீழ?”

“‘நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும்.’ மூணு வரி இருக்கும்மா. முதல் வரிதானே முக்கியம்?”

“பட்டனை அழுத்தினீங்களா இல்லையா?”

“பட்டனே வரலை. அதான் ஏற்கெனவே உறுதின்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்குப் பட்டன்?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றி, தோல்வி, தாமதம் மூன்றுக்கும் பதிலை எழுதி, அந்தப் பக்கத்துக்குள்ளேயே திரை போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள். நடப்பதற்கு ஏற்ப ஒன்று மட்டும் வெளியே வரும். முனிவரின் பிரவுசர் அந்தத் திரைச்சீலையோடு சேர்த்துப் பட்டனையும் உரித்துவிட்டு, மூன்று பதிலையும் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் பலன் கிடைத்துவிட்டதாக நம்பி அவன் மலர்ந்திருக்கிறான்.

தன் போனில் தளத்தைத் திறந்தாள். பச்சைப் பட்டன் பளிச்சென்று வந்தது. ஊர் பெயரைத் தேடி அழுத்தினாள்.

மன்னிக்கவும், இந்த இடம் காலியில்லை.

“காலையில லிஸ்ட்ல நம்ம ஊர் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சே. மூணு இடம். போயிடுச்சா? அந்த வெப்சைட்டைக் கட்டினவன் சரியில்லம்மா. எளிமையா கட்டியிருக்கணும்” என்றான்.

அதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிதான் அவள் ஆத்திரத்தைக் கிளப்பியது. அடுத்த சுற்று எப்போது வருமென்று அதிகாரிகளுக்கே தெரியாது. அதற்குள் மகள் அவளை “வாங்க, உக்காருங்க” என்று வரவேற்கத் தொடங்கிவிடுவாள்.

“இந்தக் கூத்தை ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டணும்டி,” என்றாள் குண்டூசி. “இப்ப என்ன பண்ணப்போறே?”

நர்ஸ் அதற்கான பதிலைப் போனில் சொன்னாள்.

“துணிமணியை எடுத்து வைங்க. நீங்களும் பாப்பாவும் இங்க வர்றீங்க.”

“எங்கே? உன் குவார்ட்டர்ஸுக்கா?” முனிவர் முதல்முறையாகப் பதறினான். “அங்க ராத்திரி பகலா ஆம்புலன்ஸ் அலறுமே! எனக்கு அமைதி வேணும்னு உனக்குத் தெரியாதா? என் வேலை என்னாகறது?”

“எந்த ஊர்ல உக்காந்தாலும் உங்க வேலை நடக்கும்னு குழாய்காரர் வரைக்கும் சொன்னது யாரு?”

“அது வந்து... யோசிக்கணும்மா.”

“நல்லா யோசிங்க. அசையாம உக்காந்து யோசிங்க. டிக்கெட்டை நான் போடறேன்.”

“வேண்டாம், அதை நானே இதுல...”

“கை வைச்சீங்க, தெரியும் சேதி!”

போனை வைத்தாள். முகக்கவசத்தை அவிழ்த்துக் கூடையில் எறிந்துவிட்டு, போனில் அந்த வார ரயிலின் இருக்கைப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஜன்னலோர இருக்கையை மகளுக்குப் போட்டாள்.

முனிவருக்கு நடு இருக்கை.