பெரில் ஆட்கினின் பன்னிரண்டாவது கணிப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் ஊர்ப் பந்தயக் கடையில், நான் ஐந்து பவுண்டைக் கோட்டைவிட்ட ஒரு காலையில் பிறந்தது. இங்கிலாந்தின் இந்தச் சாண்ட்மியரில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் மாத டென்னிஸில் யார் வெல்வார் என்று நான் சொன்னாலும் அவர் தோற்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. (இதை மறந்துவிடாதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில் பெரில்...’

வேண்டாம். இங்கே மழையோடு தொடங்கினால் ஆட்டமே தொடங்காது.

இரண்டாவது முயற்சி. பெரில் ஆட்கினுக்கு அறுபத்தொரு வயது. பந்தயக்காரர்கள் படிக்கும் இணையதளத்தில், தினமும் காலை பத்தரைக்குள் அன்றைய ஆட்டத்தில் யார் வெல்வார் என்று எழுதுகிறாள். காற்று, புல்லின் ஈரம், ஆட்டக்காரரின் முழங்கால் என்று எல்லாவற்றையும் அலசித்தான் எழுதுவாள். ஆனாலும் கடைசிப் பதினொரு கணிப்புகளும் மண்ணைக் கவ்விவிட்டன. இப்போது அவள் எழுதியதும் பத்தே நிமிடத்தில் அவள் சொன்னவரின் எதிராளிமேல் பந்தயப் பணம் கொட்டுகிறது.*

நேற்று தளத்தின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

“பெரில், நாளைக்கும் தப்பாச்சுன்னா அப்புறம் கம்ப்யூட்டரே எழுதிக்கும். மன்னிச்சுக்கங்க.”

* நானும் கட்டியிருக்கிறேன். பெரிலுக்கு எதிராகக் கட்டியும் தோற்ற ஒரே ஆள் நான்தான். அந்த ஒரு நாள்தான் அவள் கணிப்பு பலித்தது. அது பதினொன்றுக்கு முந்தையது.

3

ரோரி பெனாலிகனுக்கு முப்பத்துநான்கு வயது, இரண்டு முழங்காலிலும் கட்டு. இன்று தோற்றால் இனி ஆடுவதில்லை என்று அறிவித்துவிட்டான். அவனைப் பதினேழு வயதிலிருந்து பார்த்து வருகிறாள் பெரில். செய்தியாளர் கூடாரத்தில் அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

“என்னைப் பத்தி என்ன எழுதப்போறீங்க?”

“நீதான் ஜெயிப்பேன்னு. உன்னோட ஆடுற அந்த செக் நாட்டுப் பையனுக்குப் புல்லுல காலே நிக்கல.”

ரோரியின் முகம் வெளிறியது.

“ஐயையோ, என் குடியைக் கெடுத்துடாதீங்க! போன மாசம் அப்படித்தான் எழுதினீங்க. நாப்பதே நிமிஷத்துல மூட்டை கட்டிட்டேன். நான் தோப்பேன்னு எழுதுங்க, பெரில்.”

“எழுதி, நீ ஜெயிச்சுட்டேன்னா என் வேலை போயிடும்டா.”

“நான் தோத்தா என் வேலை போயிடுமே!”

4

இந்த இடத்தில் எனக்கு ரோரிமேல் சந்தேகம் வந்தது. உலகம் சுற்றி ஆடியவன் இப்படிக் கெஞ்சுவானா? அவனைக் கதையிலிருந்து அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு, வென்ற நாளின் காலுறையைத் துவைக்காமல் வாரம் முழுக்கப் போட்டுத் திரிந்த ஆட்டக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரில் இரண்டு கணிப்புகள் எழுதினாள். பத்து இருபத்தொன்பதுக்கு ஒன்றை அனுப்பினாள்: ‘பெனாலிகன் தோற்பார்.’

முப்பது ஆண்டுகளில் தான் நம்பாத ஒன்றை அவள் எழுதியது இதுதான் முதல் முறை. கடையில் ரோரிமேல் பணம் கொட்டியது. நான் கட்டவில்லை.

5

கடைசியான மூன்றாவது செட், ஆறுக்கு ஆறு என்று சமநிலை. பெரில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருக்கிறாள். தான் எழுதியது பொய்யாக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு அ: ரோரி வெல்கிறான். பெரில் நாளை மேசையைக் காலி செய்கிறாள்.

முடிவு ஆ: ரோரி தோற்கிறான். பெரிலின் கணிப்பு பலிக்கிறது, வேலை நிலைக்கிறது. அவள் கழிப்பறையில் போய் அழுகிறாள்.

முடிவு இ: மழை வந்து... சே, இது ஏமாற்று வேலை.

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்திருக்கிறது. வேலை போகக்கூடாது என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் எது வேண்டும் என்பதை அவள் பத்து இருபத்தொன்பதுக்கே சொல்லிவிட்டாள். அதில் கைவைக்க நான் யார்?

ரோரி பந்தை மேலே எறிகிறான். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், என் கணிப்பை மட்டும் சொல்கிறேன்.

ரோரி தோற்றுவிடுவான்.